பதினேழாம் ஸ்லைடு

அல் கூஸில் அரை நாள் பயிற்சி.
ஏசியில் பல் கிட்டியது.
வந்திருந்த பதினொரு மெக்கானிக்கும்
எத்தனை சோப்புக்கும் போகாத கருப்பை
மேஜைக்குக் கீழே மறைத்து உட்கார்ந்திருந்தோம்.
ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம்,
ஆளுக்கொரு சான்றிதழ்.
சந்தியாகப்பனாகிய என்னைச்
சந்தியா என்று அச்சடித்திருந்தார்கள்.

பிஜோய் சார் பொத்தானைத் தட்டத் தட்ட
இன்ஜெக்டர், சென்சார், வாரண்டி.
பதினேழாவதில் ஒரு சைக்கிள்.
அதன் வயிற்றில் பட்டாளத்து எஞ்சின்.
வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கப் பிறந்தது,
போர் முடிந்ததும்
பேச்சுக்கு ஆளில்லாமல் குவிந்து கிடந்தது.
பெட்ரோல் டாங்கி?
சுடுநீர்ப் புட்டி.
குளிர்காலத்தில் போர்வைக்குள்
காலடியில் போட்டுக்கொள்கிற புட்டி.

"ஹமாமட்சு. நாற்பத்தாறாம் வருஷம்.
இப்படித்தான் தொடங்கினோம்" என்றார்
பாதி மலையாளத்தில்.
அந்த 'னோமு'க்குள்
நாங்கள் பதினொரு பேரும் இருந்தோமா என்று
யாரும் கேட்கவில்லை.

பெட்ரோலுக்கு ரேஷனாம்.
பைன் மரத்து வேரைத் தோண்டி
எண்ணெய் வடித்துக் கலந்தார்களாம்.
ஓட்டுகிறவனை விழுங்குகிற புகையாம்.
மிதித்து, மிதித்து, எஞ்சின் சூடேறி
மூச்சு பிடித்துக்கொண்டால்
பட பட பட.
அந்த ஊர் ஜனங்கள் வைத்த பெயரே
'பத்தா பத்தா'தானாம்.
கிடைத்த எஞ்சின் ஐந்நூறு சொச்சம்.
தீர்ந்துபோனது.
அதற்கப்புறம் சொந்தமாகச் செய்யவேண்டி வந்தது.

அடுத்த ஸ்லைடில் ஷோரூம், கண்ணாடி, பூங்கொத்து.
வேரைத் தோண்டியது யார் என்று
எனக்கு இன்னும் தெரியவேண்டியிருந்தது.

*

ஷார்ஜா. இண்டஸ்ட்ரியல் ஏரியா ஆறு.
ஆகஸ்ட், மதியம் இரண்டரை.
வெயிலில் வைத்த ஸ்பேனரைத்
துணி சுற்றித்தான் எடுக்கவேண்டும்.
ஷஃபிகுல் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான்,
நேஷனல் பெயிண்ட்ஸ் பக்கத்திலிருந்து.
டாங்கியின் அடியில் துரு தின்ற ஓட்டை.
முழங்கால்வரை பெட்ரோல்.
பின்பெட்டியில் யாருக்கோ இரண்டு பர்கர்,
ஒரு மாங்காய் ஐஸ்கிரீம்.
போனில் நிமிஷங்கள் சிவப்பாக ஓடின.
சட்டைக்கு மேலேயே தெரிந்தது
அவன் நெஞ்சு அடிப்பது.
எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் படபடப்பு.
ஜப்பான்காரனுக்கு அது வண்டி.

புது டாங்கி வர இரண்டு நாள் என்று
சர்வர் கான் கையை விரித்தார்.
பழைய கார்புரேட்டர் வண்டி, அதனால் பிழைத்தான்.
சுடுநீர்ப் புட்டிக்கு எங்கே போவேன்,
குழாயைத் திறந்தாலே
கை வேகிற ஊரில்?
ஆயில் கேன் ஒன்றை அலசினேன்,
மூடியில் துளையிட்டேன், ஹோஸைச் சொருகினேன்,
ஹேண்டிலில் கம்பி போட்டுக் கட்டினேன்.
"சந்தியா,
போலீஸ் பிடித்தால்
உன்னை எனக்குத் தெரியவே தெரியாது"
என்றார் சர்வர் கான்,
கட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துவிட்டு.

ஆறு உதை. ஒன்றுமில்லை.
ஏழாவதில் பட பட பட.
பைன் வாசனையெல்லாம் வரவில்லை.
இந்த மண்ணில் வேர் தோண்ட வேண்டியதில்லை,
தோண்ட வேரும் கிடையாது.
கேன் ஆட ஆடப் போனான்,
குளுக்கோஸ் பாட்டிலோடு வார்டைவிட்டு
எழுந்து நடக்கிற நோயாளி மாதிரி.

முக்கால் மணியில் திரும்பி வந்தான்.
ஆர்டர் ரத்து.
பர்கர் அவன் கணக்கில்.

லிஃப்டுக்குக் கீழே,
இருந்ததில் நிழலான இடத்தில்,
மூன்று பேரும் உட்கார்ந்தோம்.
ஐஸ்கிரீமைக் குடிக்கத்தான் முடிந்தது.
சர்வர் கான் மீசையில் மஞ்சள்.
ஷஃபிகுல் அதைப் பார்த்துச் சிரித்தான்,
பிறகு அபராதம் எவ்வளவு என்று பார்த்தான்,
பிறகு சிரிக்கவில்லை.

கேனில் இன்னும் அரை லிட்டர் இருந்தது.
போன் முனகியது.
"ரோலா பக்கம்தான்" என்று
எழுந்து பேண்டைத் தட்டினான்.